கத்தச் சொன்னது யார்?

சர்வேயர் என்றதும் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு நிலம் அளக்கிறவர் என்று நினைத்துவிட வேண்டாம். இவர் காப்பீட்டுக் கம்பெனி சர்வேயர். கடை எரிந்துபோச்சு, குடோனில் தண்ணீர் புகுந்துவிட்டது, லாரி கவிழ்ந்தது என்று யாராவது நஷ்ட ஈடு கேட்டு வந்தால், நேரில் போய்ப் பார்த்து, அதில் எவ்வளவு நிஜம், எவ்வளவு புளுகு என்று சொல்ல வேண்டியது இவர் வேலை. அந்த வேலையைச் செய்து செய்தே மனுஷன் யாரையும் நம்புவதை விட்டுவிட்டார். பழக்கடைக்காரர் தானாக ஒரு பழம் கூடப் போட்டுக் கொடுத்தால்கூட, ஏன் போட்டான் என்று நடு ரோட்டில் நின்று யோசிப்பார். வீட்டுக்காரம்மா அவருக்கு வைத்திருந்த பேர் சந்தேகப் பிராணி. கோபத்தில் வைத்தது இல்லை, செல்லமாகவும் வைத்தது இல்லை.

அப்படிப்பட்டவரையே காலங்கார்த்தால ஒருத்தர் சந்தேகப்பட்டுவிட்டார். அதுதான் அன்றைக்குக் கொடுமை.

எரிந்துபோன ஒரு துணிக் குடோனைப் பார்க்க அந்த ஊருக்கு வந்து, கம்பெனி போட்டுக் கொடுத்த ஓட்டலில் தங்கியிருந்தார். சின்ன ஓட்டல். கீழே வரவேற்பும் சாப்பாட்டுக் கூடமும், மேலே ஒரே ஒரு மாடி. மாடிப்படி ஏறியதும் முதல் அறை இவருடையது. படிக்கட்டு ஒரு புனல் மாதிரி. கீழே ஸ்பூன் விழுந்தால் மேலே கேட்கும். பல் தேய்த்துவிட்டுக் கம்பெனி மேனேஜருக்குப் போன் போட்டு, குடோன் விஷயமாக இரண்டு வார்த்தை சொல்லிக்கொண்டிருந்தபோது, கதவுக்கு வெளியே ஒரு பொடியன் தொண்டை கிழியக் கத்திக்கொண்டு ஓடினான். பின்னாடியே ஒரு பெண் குழந்தை, கதவு கதவாகத் தட்டிக்கொண்டு போனாள்.

மேனேஜர் பேச்சை நிறுத்தினார். பிறகு, குரலில் சர்க்கரையைத் தடவிக்கொண்டு, "சார், வேலைக்குப் போயிருக்கீங்களா, குடும்பத்தோட ஊர் சுத்தப் போயிருக்கீங்களா?" என்று கேட்டார்.

போன மாதம்தான், கம்பெனி செலவில் பெண்டாட்டி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்க் கும்மாளம் போட்ட இன்னொரு சர்வேயரை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். இவருடைய ஒப்பந்தமோ அந்த வாரம் முடிகிறது. அன்றைக்கு மத்தியானம் மேனேஜரும் மேலிடத்து ஆட்கள் இரண்டு பேரும் வீடியோவில் வந்து, இவர் சொல்வதைக் கேட்டு, வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று முடிவு செய்யப்போகிறார்கள். மகள் கல்லூரியில் சேர்ந்திருக்கிற வருஷம். இந்த வயதில் இன்னொரு கம்பெனி வாசலில் போய் நிற்க முடியாது. எதிர் அறைப் பிள்ளைகள் சார், சத்தியமாக என்னுடையது இல்லை என்று அவர் சொல்ல, மேனேஜர், "சரி சார், சரி சார்" என்று சொன்ன விதம் இருக்கிறதே, அது இவரே எத்தனையோ கடைக்காரர்களிடம் சொன்ன விதம்.

ஆக, மத்தியானம் அந்த வீடியோவில் ஒரு குழந்தைச் சத்தம் கேட்கக் கூடாது. கேட்டால் கதை முடிந்தது.

சாப்பாட்டுக் கூடத்துக்கு இறங்கிப் போனால், அங்கேயும் அதே இரண்டும். பெரியவளுக்கு ஏழெட்டு வயது இருக்கும், சின்னவனுக்கு நாலோ ஐந்தோ. மேசைக்கு அடியில் புகுந்து வெளியே வருவதும், நாற்காலியை இழுப்பதும், தட்டில் ஸ்பூனால் தாளம் போடுவதுமாக ஒரே ரகளை. செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த ஒருவர் பேப்பரை மடித்து அடித்து வைத்துவிட்டு எழுந்தே போய்விட்டார். பெற்றவர்கள் யார் என்று சர்வேயர் ஒவ்வொரு மேசையாகப் பார்த்தார். ஒருத்தருமே அந்தப் பிள்ளைகளைப் பெற்ற முகமாகத் தெரியவில்லை.

பரிமாறுகிறவர் நல்ல மாதிரி. சின்னவன் கையிலிருந்த ஸ்பூனை மெதுவாக உருவி எடுத்துக்கொண்டார். தாளம் நின்றது. நின்ற மறு நொடியே பெரியவள் தம்பியின் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள்.

"கத்துடா" என்றாள்.

அவன் கத்தினான். அவளும் கூடச் சேர்ந்து, ராகமும் இல்லாமல் வார்த்தையும் இல்லாமல் ஒரு பாட்டை எடுத்துவிட்டாள்.

சர்வேயருக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. குழந்தைகள் தாமாகக் கத்துவது வேறு, கத்த வைப்பது வேறு. இதில் யாரோ இருக்கிறார்கள். ஒரு கணம், ஒரே ஒரு கணம், கம்பெனியில் புதிதாகச் சேர்ந்து, தன்னுடைய ஒப்பந்தத்தின் மேல் கண் வைத்திருந்த ஒரு பையன் சர்வேயர்தான் இந்தக் குட்டிச்சாத்தான்களை ஏவிவிட்டிருப்பானோ என்றுகூட யோசித்தார். அவ்வளவு தூரம் போவானா? போனாலும் போவான்.

முட்டையை விழுங்கிவிட்டு, சிரித்த முகமாக அவர்கள் மேசைக்குப் போய் உட்கார்ந்தார். அப்பா எங்கே என்று கேட்டார். வரலை என்றாள் பெரியவள். அம்மா எங்கே என்றார். ரூமில் என்றாள். ரூமில் என்ன பண்ணுகிறார்கள் என்றார். பெரியவள் சின்னவனைப் பார்த்தாள், சின்னவன் ரொட்டியைப் பார்த்தான்.

"அதை யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு அம்மா சொல்லியிருக்காங்க."

சொல்லிவிட்டு, ஒரு தட்டில் ரொட்டியும் முட்டையும் அடுக்கி, மேலே இன்னொரு தட்டைக் கவிழ்த்து மூடி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு படியேறினாள். சின்னவன் ஒவ்வொரு படியிலும் தொம் தொம் என்று குதித்துக்கொண்டே பின்னால் போனான். கட்டை விரல் வலிக்காதா என்று தோன்றும்படி குதித்தான்.

இனி சர்வேயரைப் பிடித்து உட்கார வைக்க யாராலும் முடியாது. வரவேற்பில் இருந்த பெண்ணிடம் போய், எதிர் அறையில் யார் இருக்கிறார்கள், எத்தனை பேர், எதற்கு வந்திருக்கிறார்கள் என்று ஆரம்பித்தார். அவள் பல் தெரியச் சிரித்து, தங்குகிறவர்கள் விவரத்தைச் சொல்லக் கூடாது என்றாள். சத்தத்துக்கு வருத்தம் தெரிவித்தாள். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளச் சொன்னாள். வேண்டுமானால் பின்பக்கம் ஒரு அறை தருகிறேன் என்றாள். பின்பக்க அறையில் இன்டர்நெட் கிடைக்காது என்பது இவருக்கு வந்த அன்றே தெரியும். இவளும் கூட்டு என்று முடிவு கட்டினார்.

மேலே போய் எதிர் அறைக் கதவைப் பார்த்தார். தொந்தரவு செய்ய வேண்டாம் என்ற அட்டை கைப்பிடியில் தொங்கியது. சுத்தம் செய்கிற பெண் தள்ளுவண்டியோடு அந்தக் கதவைத் தாண்டிப் போனாள். அட்டை தொங்கினால் தட்டக் கூடாது என்பது அவர்கள் சட்டம். சர்வேயர் செருப்பு வார் அறுந்த மாதிரி குனிந்து கதவடியைப் பார்த்தார். உள்ளே வெளிச்சம் இல்லை. டிவி சத்தம் இல்லை. ஜன்னல் திரைகூடத் திறக்கவில்லை போலிருக்கிறது, அப்படியொரு இருட்டு. பட்டப்பகலில் விளக்கும் போடாமல் திரையும் திறக்காமல் எந்தப் பொம்பளை அறைக்குள் உட்கார்ந்திருப்பாள்?

யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. அதுதான் விஷயம். அம்மாக்காரி பிள்ளைகளை ஓட்டல்காரர்கள் தலையில் கட்டிவிட்டு எங்கேயோ கம்பி நீட்டிவிட்டாள். அம்மா ரூமில் இருக்கிறாள் என்று ஊரை நம்ப வைக்கத்தான் அந்தத் தட்டு, அந்த மூடி, அந்த அட்டை எல்லாம். எரியாத சரக்கை எரிந்ததாகக் காட்டப் பழைய துணியைக் கொண்டுவந்து போட்டுக் கொளுத்தின குடோன்காரனுக்கும் இவளுக்கும் என்ன வித்தியாசம்? யார் காதில் பூச்சுற்றுகிறார்கள்?

வீட்டுக்குப் போன் போட்டு இதைச் சொன்னார். வீட்டுக்காரம்மா முழுதாகக் கேட்டுவிட்டு, பிள்ளைகள் என்றால் சத்தம் போடத்தான் செய்யும், நம் பெண் போடாத சத்தமா, போய் உங்கள் வேலையைப் பாருங்கள் என்றாள். கதவைத் தட்டி அந்தம்மாவிடமே நேராகச் சொல்ல வேண்டியதுதானே என்றும் கேட்டாள். அதெப்படி, நேராகக் கேட்டால் யார் உண்மையைச் சொல்கிறார்கள் என்றார் இவர். அவள் போனை வைத்துவிட்டாள்.

வெளியே ரகளை ஓயவே இல்லை. ஓடுவார்கள், குதிப்பார்கள், கிளி மாதிரி கீச்சிடுவார்கள். கொஞ்ச நேரத்துக்கு ஒரு முறை வந்து தங்கள் கதவில் தொப்பென்று மோதிவிட்டு மறுபடி ஓடுவார்கள். மத்தியானம் நெருங்க நெருங்கச் சர்வேயருக்கு முழி பிதுங்கியது. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டார். மடிக்கணினியை மேசையில் வைத்தார். அறை சின்னது, மேசையை எப்படிப் போட்டாலும் கேமராவுக்குக் கதவுதான் தெரிந்தது. மேனேஜர் முகத்தை நினைத்துப் பார்த்தார். பிறகு எழுந்து வெளியே வந்தார்.

கீழே வரவேற்பில் விற்கிற பெரிய சாக்லேட் இரண்டு வாங்கினார். தன் போனில் கார் ஓட்டுகிற விளையாட்டு ஒன்றை ஏற்றி, சத்தத்தை அடியோடு குறைத்தார். இரண்டையும் கூப்பிட்டுச் சாப்பாட்டுக் கூடத்தின் கடைசி மேசையில் உட்கார வைத்தார். வாயைத் திறக்காமல் இருந்தால் போன் உங்களுக்கு, ஒரு வார்த்தை வந்தாலும் போன் எனக்கு என்று பேரம் பேசினார். சின்னவன் சாக்லேட்டைப் பிரித்து வாயில் போட்டுக்கொண்டு, அப்போதே உதட்டை இறுக்கி மூடிக்கொண்டான். பெரியவள் மட்டும் நெளிந்தாள்.

"அங்கிள், அம்மாகிட்ட ஒரு தடவை சொல்லிட்டு வந்துடறேன்."

எந்த அம்மா? இல்லாத அம்மாவிடம் என்னத்தைச் சொல்லப் போகிறாய் என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டார். மேலே போனால் இவள் திரும்ப மாட்டாள்.

"நீ உக்காரும்மா. நான் சொல்லிக்கிறேன்" என்றார்.

சொல்லவில்லை. நேராகத் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஆகா, என்ன அமைதி. ஏசியின் உறுமல்கூட இதமாக இருந்தது. திரையில் மேனேஜர் வந்தார், மேலிடத்து ஆட்கள் இரண்டு பேரும் வந்தார்கள். வந்ததும் மேனேஜர் காதைத் தீட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா இருந்ததை இவர் கவனித்தார். கேளுமய்யா, நன்றாகக் கேளும் என்று நினைத்துக்கொண்டார். குடோனைப் பற்றி ஆரம்பித்தார். எந்த மூலையில் முதலில் தீப்பிடித்தது, சாம்பலில் எந்தத் துணி இருந்தது, எது இருந்திருக்க வேண்டும் என்று வரிசையாகச் சொன்னார். மேலிடத்து ஆள் ஒருவர் தலையாட்டினார். வாய்ப்பு இருக்கிறது, வேலை நிலைக்கும் என்று சர்வேயருக்கு உடம்பெல்லாம் ஒரு தெம்பு வந்தது.

அப்போது வெளியே ஒரு கதவு திறக்கிற சத்தம். யாரோ சுவரைத் தட்டித் தடவிக்கொண்டு வருகிற சத்தம். "குட்டிமா?" என்று ஒரு பெண் குரல். பதில் இல்லாமல் போகவே, "சின்னு? சத்தம் போடுங்கடா" என்றது குரல். அதட்டுகிற குரல் இல்லை. கெஞ்சுகிற குரல்.

சர்வேயர் பேசிக்கொண்டே இருந்தார். பேசப் பேச என்ன பேசுகிறோம் என்பது புரியாமல் போயிற்று. ஆள் இல்லை என்று இவர் தீர்த்துச் சொன்ன அறையிலிருந்து ஆள் வந்திருக்கிறது. சத்தம் போடாதே என்று சொல்லாமல், போடு என்கிறது. வெளியே தள்ளுவண்டி எதிலோ மோதி, பாட்டில்கள் கீழே உருண்டன. உருண்டவை படிப்படியாகக் கீழே போகிற சத்தம் கேட்டது. படிக்கட்டு!

ஒரு நிமிஷம் சார் என்றுகூட முழுசாகச் சொல்லாமல் எழுந்து கதவைத் திறந்தார்.

அந்த அம்மாவின் இரண்டு கண்ணையும் மூடிப் பஞ்சு வைத்து வெள்ளைத் துணியால் கட்டியிருந்தது. காலில் செருப்பு இல்லை. ஒரு கை சுவரில் இருந்தது. சுவர் அங்கே முடிந்து, படிக்கட்டு ஆரம்பிக்கிற இடம். அடுத்த அடிக்குத் தரை இருக்கும் என்று நம்பிக் காலைத் தூக்கியிருந்தாள்.

சர்வேயர் பாய்ந்து தோளைப் பிடித்து இழுத்தார். இருவரும் அவர் அறை வாசலில் வந்து மோதிக்கொண்டு நின்றார்கள். அவள் கை தடவித் தடவி அவர் சட்டையைக் கண்டுபிடித்தது. கொத்தாகப் பிடித்துக்கொண்டாள்.

"யாரு?"

எதிர் அறை என்றார். பயப்படாதீங்க என்றார்.

"என் பசங்க எங்க?"

"கீழ இருக்காங்கம்மா. பத்திரமா இருக்காங்க. நான்தான் சாக்லேட் வாங்கிக் குடுத்து, போன் குடுத்து உக்கார வச்சிருக்கேன்."

"நீங்க எதுக்கு என் பசங்களுக்குச் சாக்லேட் வாங்கிக் குடுத்தீங்க?"

சத்தம் போடாமல் இருக்கத்தான் என்றார். சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை தன் காதிலேயே எப்படி விழுகிறது என்று தெரிந்தது. முன்பின் தெரியாத ஓர் ஆண், கண் கட்டின ஒரு பெண்ணின் பிள்ளைகளுக்குத் தின்னக் கொடுத்து, வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லி, தாயிடமிருந்து பிரித்துக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறான். எதுக்கு என்று அவள் மறுபடி கேட்டாள். ஏன் என்னிடம் வந்து சொல்லவில்லை என்று கேட்டாள். இதே கேள்விகளை வேறு வேறு ஊரில், வேறு வேறு மனிதர்களிடம் கேட்டுத்தான் இவர் சம்பாதித்தார். பதில் சொல்லத் திணறினவர்களை எல்லாம் திருடன் என்று எழுதியும் கொடுத்தார். இப்போது திணறுகிறவர் இவர்.

சட்டையை விடுவித்துக்கொள்ளத் தோன்றவில்லை. அவள் பிடியிலேயே நின்றபடி, படிக்கட்டுப் பக்கம் திரும்பி, ஓட்டல் முழுக்க அதிரும்படி கத்தினார். "ஏ பிள்ளைங்களா, மேல வாங்க! அம்மா கூப்பிடறாங்க!" நடையின் கோடியில் ஒரு கதவு திறந்து, மனுஷன் தூங்க வேண்டாமா என்று யாரோ திட்டினார்கள்.

தொம் தொம் என்று படியேறி வந்தார்கள். அவள் சட்டையை விட்டுவிட்டு முழங்கால் போட்டு உட்கார்ந்தாள். இரண்டு தலையையும் தடவினாள், முகத்தைத் தடவினாள், கையையும் காலையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

"சத்தம் நின்னா அம்மா பயந்துடுவேன்னு சொன்னேன்ல?"

"அங்கிள் உன்கிட்ட சொல்றேன்னு சொன்னாரும்மா" என்றாள் பெரியவள். அவளுக்கும் அழுகை வந்துவிட்டது.

சர்வேயர் ஒன்றும் கேட்கவில்லை. அவளாகவே, யாரோ குற்றம் சாட்டின மாதிரி, சொன்னாள். இரண்டு கண்ணிலும் ஆபரேஷன் முடிந்திருக்கிறது. மறுநாள் ஆஸ்பத்திரியில் கட்டுப் பிரிக்கிறார்கள். துணைக்கு வருவதாக இருந்த தங்கை கடைசி நேரத்தில் காய்ச்சலில் படுத்துவிட்டாள், தேதியைத் தள்ளிப்போட டாக்டர் ஒத்துக்கொள்ளவில்லை. கண் தெரியாதவள் இரண்டு பிள்ளைகளோடு தனியாக இருக்கிறாள் என்று வெளியே தெரியக் கூடாது என்பதற்காக யாரிடமும் சொல்லாதீர்கள் என்று பிள்ளைகளிடம் சொல்லிவைத்தாள். காது ஒன்றுதான் வேலை செய்கிறது, அதனால்தான் எங்கே இருந்தாலும் கத்திக்கொண்டே இருங்கள் என்று பழக்கிவைத்தாள். வரவேற்புப் பெண்ணுக்கு மட்டும் தெரியும்.

சர்வேயருக்கு வெட்கத்தில் உடம்பு கூசியது. மன்னிக்க வேண்டும் என்று சொல்ல வாயெடுத்தார். அப்போதுதான் முதுகுக்குப் பின்னால், மேசையிலிருந்து, ஒரு குரல் வந்தது.

"சார், அந்தம்மா யாரு?"

கேமரா கதவைப் பார்த்துக்கொண்டிருந்தது. திரையில் மூன்று பேரும் முன்னால் நகர்ந்து உட்கார்ந்திருந்தார்கள்.

எதிர் அறை சார் என்றார் சர்வேயர். பிள்ளைகள் யாருடையது என்றார் மேனேஜர். அவங்களுடையதுதான் என்றார் இவர். அந்த நேரம் பார்த்தா சின்னவன் உள்ளே வர வேண்டும்? சொந்த வீட்டில் நடக்கிற மாதிரி நடந்து வந்து, சாக்லேட் வாயோடு கேமராவுக்கு நேராக நின்றான்.

"அங்கிள், உங்க போன். சார்ஜ் போயிடுச்சு."

"உங்க போன் எப்படி சார் எதிர் ரூம் பையன் கையில?" என்றார் மேனேஜர். குரலில் அதே சர்க்கரை.

நடந்ததை எல்லாம் ஒன்று விடாமல் சொன்னார் சர்வேயர். சாக்லேட், பேரம், கண்கட்டு, படிக்கட்டு எல்லாவற்றையும். சொல்லச் சொல்ல அது ஒரு நல்ல புளுகு மாதிரி ஆகிக்கொண்டே வந்தது. மேலிடத்து ஆள் ஒருவர் கையால் வாயை மறைத்துக்கொண்டார். சர்வேயருக்கு வேறு வழி தெரியவில்லை. வாசலில் இருந்தவளிடம், ஒரு வார்த்தை நீங்களே சொல்லுங்கம்மா, என் வேலை போயிடும் என்று கெஞ்சினார்.

அவள் எழுந்து நின்றாள். ஒரு கையில் பெரியவளைப் பிடித்திருந்தாள், இன்னொரு கையை நீட்டி விரலைச் சொடுக்கினாள். சின்னவன் ஓடிப்போய் அதைப் பிடித்துக்கொண்டான்.

"இவர் யாருன்னே எனக்குத் தெரியாதுங்க" என்றாள், திரை இருக்கிற திசையை விட்டுவிட்டு வேறு எங்கோ முகத்தைத் திருப்பி. "இவர் முகத்தைக்கூட நான் பார்த்ததில்லை. என் பசங்க கிட்ட இனிமே பேச வேண்டாம்னு சொல்லுங்க."

சொல்லிவிட்டுப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எதிர் அறைக்குள் போனாள். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

மேனேஜர் பெருமூச்சு விட்டார்.

"வீட்டம்மாவுக்கு நல்லா சொல்லிக் குடுத்திருக்கீங்க சார்" என்றார்.

திரை அணைந்தது. சர்வேயர் கசங்கின சட்டையோடு அதன் முன்னால் உட்கார்ந்தார். மேனேஜர் மேல் கோபப்படப் பார்த்தார், முடியவில்லை. அந்த நாற்காலியில் இவர் இருந்திருந்தால், இன்னும் இரண்டு கேள்வி சேர்த்தே கேட்டிருப்பார்.